பேர் சொல்லி இறங்குற இடம்

கொஞ்சம் நகர்ந்து உக்காந்துக்கிறீங்களாக்கா? பாப்பா காலு உங்க பட்டுப் புடவையில படுது. கல்யாணத்துக்குப் போறீங்க போல. இவளுக்கு ஊசி போட்டு கூட்டிட்டு வர்றேன். அஞ்சு வயசு ஊசி. ஆஸ்பத்திரியையே தூக்கிட்டுப் போற மாதிரி அழுதா. பஸ் ஏறினதும் தூங்கிட்டா.

அக்கா, உங்ககிட்ட ஒரு உதவி கேக்கலாமா? தப்பா நெனச்சுக்கக் கூடாது.

நீங்க கூட்ரோடு வரைக்கும் போறீங்கன்னு கண்டக்டர்கிட்ட சொன்னது காதுல விழுந்துச்சு. எங்க ஸ்டாப்பு அதுக்கு முன்னாடியே வந்துடும். ஏரிக்கரை தாண்டினா ஒரு வளைவு. வளைவுல இடது பக்கம் பச்சையா ஒரு போர்டு நிக்கும். அந்தப் போர்டுல இருக்குற பேரைப் படிச்சு, கண்டக்டருக்குக் கேக்குற மாதிரி கொஞ்சம் சத்தமா சொல்லிடுங்க. அவ்வளவுதான். நான் இறங்கிக்குவேன்.

ஐயோ, படிக்கத் தெரியாமக் கேக்கலை. அஞ்சாவது வரைக்கும் போயிருக்கேன். எழுத்துக்கூட்டி எதையும் படிச்சுடுவேன். அது எங்க வூட்டுக்காரர் பேருக்கா.

ஆமா. ஸ்டாப்புக்கு அவரு பேருதான். ஸ்டாப்புக்கு மட்டுமில்லை, ஏரிக்கரையில இருந்து செங்கமேடு வரைக்கும் அந்த ரோட்டுக்கே அவரு பேருதான். உங்களுக்கு சிரிப்பு வருது, எனக்குத் தெரியும். சிரிங்க, பரவாயில்லை. ஊர்ல எல்லாரும்தான் சிரிக்கிறாங்க.

நான் அவரு பேரை சொன்னதே கிடையாது. கல்யாணமான புதுசுல மாமியார் சொல்லிட்டாங்க, பொண்டாட்டி வாயால பேர் சொன்னா புருஷனுக்கு ஆயுசு குறையும்னு. நானும் கெட்டியா பிடிச்சுக்கிட்டேன். கூப்பிடணும்னா 'ஏங்க'. இவ பொறந்த பிறகு 'பாப்பா அப்பா'. ரேஷன் கடையில கேட்டா கூட பக்கத்துல நிக்கிறவங்களைப் பாப்பேன், அவங்க சொல்லிடுவாங்க. அவ்வளவு பத்திரமா வச்சிருந்தேன்க்கா, ஒரு தடவை கூட வாய்ல விடலை. அப்படியும் எப்படி குறைஞ்சுதுன்னுதான் எனக்குப் புரியலை. மாமியாரைக் கேட்டேன். அவங்களும் பாவம், முந்தானையை வாயில வச்சுக்கிட்டாங்க.

இப்ப அவரே இல்லை, இனிமே குறையறதுக்கு என்ன இருக்குன்னு நீங்க கேக்கலாம். வாஸ்தவம்தான். ஆனா வாய் வரமாட்டேங்குதே.

முன்னெல்லாம் கவலை இல்லை. 'வளைவு'ன்னு சொன்னா போதும், நிறுத்துவாங்க. இப்ப டிக்கெட் மெஷின்லயே பேரை மாத்திட்டாங்களாம். தோ நிக்கிறாரே, இந்தக் கண்டக்டர் புதுசு. 'வளைவு'ன்னா, "எந்த வளைவும்மா? இந்த ரூட்ல நேரா இருக்குற இடம்னு ஒன்னு காட்டு பாப்போம்"ங்கிறாரு. பஸ்ஸே சிரிக்குது. அதனால எப்பவும் பாப்பாவே சொல்லிடுவா, அப்பன் பேரை கணீர்னு. அவளுக்கு என்ன. அவ இல்லாத அன்னிக்கு செங்கமேட்டுக்கு டிக்கெட் வாங்கி, அங்க இறங்கி, திரும்ப நடந்து வருவேன். ரோட்டோரமா நடக்க இடம் இல்லை, ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் வண்டி. இன்னிக்கும் செங்கமேட்டுக்குத்தான் டிக்கெட் எடுத்தேன். ஆனா இவளைத் தோள்ல போட்டுக்கிட்டு இந்த வெயில்ல அந்த ரோட்டுல என்னால நடக்க முடியாதுக்கா. அதுவும் அந்த வளைவுல. அதான் உங்களைக் கேக்குறேன்.

என்ன ஆச்சா? வண்டி மோதிடுச்சுக்கா. அந்த வளைவுலதான்.

அவரு மைக் செட் வேலை. பரசு சவுண்ட் சர்வீஸ்னு, எங்க பரசண்ணனோட கடை. கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், எல்லாத்துக்கும் அவருதான் கம்பம் ஏறி ஸ்பீக்கர் குழாய் கட்டுவாரு. மைக்கை சோதிக்க மத்தவங்க 'ஹலோ, ஒன்னு ரெண்டு மூணு'ம்பாங்க இல்ல? அவரு, "வூட்ல சோறு ஆயிடுச்சா?"ன்னு கேப்பாரு. குழாய்ல ஊரே கேக்கும். நான் அடுப்பாண்டை வெக்கத்துல செத்துப் போவேன்.

அன்னிக்கு மத்தியானம் ஒரு கல்யாண வூட்டு சீரியல் லைட் செட்டைக் கழட்டி மொபெட்ல கட்டிக்கிட்டு வந்துட்டிருந்தாரு. எதுத்தாப்புல கஜேந்திரன் கார். கஜேந்திரன்னா எங்க ஊராட்சித் தலைவரோட மச்சான். பட்டப்பகல்ல நல்லா குடிச்சிட்டு வந்திருக்காரு. இடிச்சிட்டு நிக்காமப் போயிட்டாரு. அப்புறம் கேட்டதுக்கு மாடு குறுக்க வந்துச்சுன்னாராம். வந்திருக்கும். குடிச்சவங்க கண்ணுக்கு என்னென்னவோ வருதாம். கேஸ் நடக்குது. கஜேந்திரனும் நல்லா நடமாடுறாரு.

அவரை மட்டும் குத்தம் சொல்லக் கூடாதுக்கா. வளைவுக்குப் பக்கத்துலயே ஒயின்ஷாப் இருக்கு. வர்றவங்க எல்லாரும் அங்க இருந்து வண்டியை எடுக்குறாங்க, வளைவுன்னு தெரியறதுக்குள்ள வளைவு முடிஞ்சுடுது. எங்க தெருப் பிள்ளைங்க பால்வாடிக்குப் போகணும்னா அந்த ரோட்டைத் தாண்டித்தான் போகணும். இவளும்தான்.

அதனால ஊர்ச்சனம் மறியல் பண்ணுச்சு. ரெண்டே ரெண்டு கேட்டாங்க. கடையை வேற இடத்துக்கு மாத்தணும், வளைவுல ஒரு வேகத்தடை போடணும். தலைவரே நேர்ல வந்தாரு. ரோட்டுல எங்களோட உக்காந்துட்டாருன்னா பாத்துக்குங்க. கடை விஷயத்துல அவரால தலையிட முடியாதாம். ஏன்னா அந்தக் கட்டடம் அவரு சித்தப்பாவோடது. "சொந்தக்காரன் சொத்துல நான் கை வச்சா நாளைக்கு ஊர் என்ன பேசும்?"னு கேட்டாரு. எவ்வளவு நேர்மை பாருங்க. வேகத்தடைக்கு மேலிடத்துல எழுதணுமாம், வளைவுல போடலாமா கூடாதான்னு பெரிய பெரிய என்ஜினீயரெல்லாம் யோசிக்கணுமாம்.

அப்புறம் என் பக்கம் திரும்பி சொன்னாரு. "அம்மா அமுலு, வேகத்தடை போட்டா நாலு லாரி ஏறினா தேஞ்சு போயிடும். பேரு தேயாது. இந்த ரோட்டுக்கு உன் புருஷன் பேரை வைக்கிறேன். இது என் கையில இருக்குற விஷயம்."

பெரியவர் சொல்றாரேன்னு மண்டையை ஆட்டிட்டேன். நான் ஆட்டினதும் மறியல் முடிஞ்சு போச்சு. எல்லாரும் எழுந்து மண்ணைத் தட்டிக்கிட்டாங்க.

அதுக்கப்புறம் தெருவுல எம்மேல ஒரே பொறாமைக்கா. "உனக்கென்னடி, ரோட்டையே எழுதிக் குடுத்துட்டாங்க"ன்னு தண்ணிக் குழாயடியில பேசுறாங்க. எதுத்த வூட்டு தேசம்மா தலைவர்கிட்டயே போய் கேட்டுட்டா. "குடிச்சவன் இடிச்சு செத்தவனுக்கு ரோடுன்னா, குடிச்சே செத்த எம் புருஷனுக்கு ஒரு சந்தாச்சும் இல்லையா? அவருதானே அந்தக் கடைக்கு அதிகமா உழைச்சாரு?" தலைவர் பரிசீலனை பண்றேன்னு சொல்லியிருக்காரு.

திறப்பு விழா ஜோரா நடந்துச்சு. பெரிய பேனரு. தலைவர் ஆள் உசரத்துக்கு நிக்கிறாரு. பக்கத்துல கஜேந்திரன், கூலிங் கிளாஸ் போட்டுக்கிட்டு, கும்பிட்ட மாதிரி. எங்க வூட்டுக்காரர் கீழ மூலையில, தபால் தலை அளவுக்கு. எங்க கல்யாணப் போட்டோவுல இருந்து அவரை மட்டும் வெட்டி எடுத்திருந்தாங்க. சரியா வெட்டலை. அவரு தோள்மேல என் கையும் வளையலும் அப்படியே இருந்துச்சு. கை யாருதுன்னு யாரும் கேக்கலை.

கஜேந்திரன் எதுக்குன்னா, போர்டு அவரு உபயம். கோயில் டியூப் லைட்டுல எழுதியிருக்குமே, வெளிச்சமே வராத அளவுக்கு, அதே மாதிரி. மேல எங்க வூட்டுக்காரர் பேரு. கீழ 'உபயம்'னு போட்டு அவரு பேரு, அவரு அப்பா பேரு, வூட்டுப் பேரு, போன் நம்பரு. அவரு பேருதான் பெருசா இருக்கு. நீங்க படிக்கும்போது மாத்திப் படிச்சுடாதீங்கக்கா. மேல சின்னதா இருக்கும், அதுதான் எங்களுது.

எனக்கு அது தப்பா தெரியலை. அவரு இல்லைன்னா போர்டே வந்திருக்காதே.

தலைவர் பேசினாரு பாருங்க. "இந்தச் சாலைக்காகவே உயிரைக் கொடுத்த தியாகி"ன்னாரு. ரோட்டுக்காகவா கொடுத்தாரு? கல்யாண வூட்டு லைட்டைக் கழட்டிட்டு சோத்துக்கு வந்துட்டிருந்தாரு. எண்ணெய்க் கத்திரிக்காய் வச்சிருந்தேன். ஆனா பெரியவங்க பேசுறாங்க, நாம என்ன குறுக்க பேசுறது. கஜேந்திரனும் மேடையில கண்ணைத் தொடச்சுக்கிட்டாரு. எந்தப் பேச்சுலயும் குடின்னு ஒரு வார்த்தை வரலை. துக்கமான நேரத்துல கெட்ட வார்த்தை எதுக்குன்னு விட்டிருப்பாங்க.

நானும் பேசறதா இருந்தேன்க்கா.

நெஜமாத்தான். கூட்டத்துல எழுந்து நின்னதே கிடையாது, ஆனா அன்னிக்குப் பேசிடணும்னு இருந்தேன். பாத்திரம் கழுவும்போதெல்லாம் சொல்லிப் பாத்துக்கிட்டேன். 'ஐயா, பேரு வச்சது சந்தோஷம். எம் பொண்ணு தினமும் அந்த ரோட்டைத் தாண்டுறா. வண்டி நிக்கிற மாதிரி ஒரு வேகத்தடையும் போட்டுக் குடுங்க.' இவ்வளவுதான். பாப்பாவுக்கே மனப்பாடம் ஆயிடுச்சு.

பரசண்ணன்தான் மைக் குடுத்தாரு. எங்க வூட்டுக்காரர் பிடிக்கிற அதே மைக்கு, கழுத்துல சிவப்பு டேப் சுத்தினது. கையில வாங்கினதும் எனக்கு 'வூட்ல சோறு ஆயிடுச்சா'ன்னு கேட்டுடும் போல இருந்துச்சு. நான் 'ஐயா'ன்னு ஆரம்பிச்சேன். பக்கத்துல நின்ன தொகுப்பாளர் தம்பி, "முதல்ல கணவர் பேரைச் சொல்லுங்கம்மா. பேரைச் சொல்லித்தானே ஆரம்பிக்கணும், ரோடே அந்தப் பேர்தானே"ங்கிறாரு. தலைவரும், "சொல்லும்மா, சும்மா தைரியமா சொல்லு"ங்கிறாரு.

எப்படி சொல்வேன்? வாயைத் திறக்கிறேன், மூடுறேன். மைக்கு கீன்னு கத்துது. ஜனமெல்லாம் பாக்குது. எதிர்ல மாமியார் உக்காந்திருக்காங்க.

தொகுப்பாளர் மைக்கை வாங்கிட்டாரு. "துக்கம் தொண்டையை அடைக்கிறது. வார்த்தை வரவில்லை. இந்த மௌனத்துக்கு ஒரு கைதட்டல்!"ன்னாரு.

கை தட்டினாங்க பாருங்க, அன்னிக்கு வேற யாருக்கும் அப்படித் தட்டலை. தலைவர் கூட அப்புறமா சொன்னாரு, "அமுலு, எல்லார் பேச்சையும் தூக்கி சாப்பிட்டுட்டே"ன்னு. அதனால வேகத்தடை வராததுக்கு அவங்களைச் சொல்லி என்ன இருக்கு? கேக்க வேண்டிய நேரத்துல வாயை மூடிக்கிட்டது நான். கேட்டிருந்தா போட்டிருப்பாங்க.

விழா முடிஞ்சு பந்தி. பிரியாணி. பெரியவங்களுக்கு மட்டும் தனியா ஒயின்ஷாப் பின்கட்டுல இலை போட்டாங்க. சாப்பிட்டு வந்து கஜேந்திரன் காரை ரிவர்ஸ் எடுத்தாரு, நேரா போர்டு மேல. அவரு குடுத்த போர்டு, பெயிண்ட் வாசனை கூட போகலை. பாவம், பதறிப் போயிட்டாரு. உடனே இறங்கி ஓடி வந்து, தன் கையாலயே நிமித்தி, துண்டால தொடச்சு வச்சாரு.

முதல் தடவை இறங்கலை. அதைச் சொல்லணும் இல்ல.

அதுக்கப்புறம் ஒரு டிராக்டர் இடிச்சுது. அப்புறம் மூணு பேர் ஒரே பைக்ல வந்து இடிச்சாங்க. கடையில இருந்து வர்றவங்க நேரா வந்து எங்க வூட்டுக்காரர் மேலதான் சாயுறாங்க. போன் பேசுறவங்களும் அப்படித்தான். முன்னெல்லாம் 'ஒயின்ஷாப்ல இருக்கேன்'னு வாய்கூசி மெதுவா சொல்வாங்க. இப்ப அந்தக் கூச்சம் இல்லை. 'எங்கடா இருக்க?'ன்னா எங்க வூட்டுக்காரர் பேரைச் சொல்லி, "அங்கதான் மச்சி இருக்கேன், நீயும் வந்துடு"ங்கிறாங்க. பொண்டாட்டிங்க கேட்டாலும் அதேதான். பொண்டாட்டிங்களும் யாரோ சிநேகிதக்காரர் வூடுன்னு நெனச்சு விட்டுடுறாங்க. ஒரு சொட்டு குடிக்காத மனுஷன்க்கா. இப்ப சுத்துப்பட்டு ஊரெல்லாம் அவருகிட்டதான் குடிக்குது.

ஒருநாள் துணிஞ்சு தலைவர் வூட்டுக்கே போனேன். வாசல்ல நின்னு, "ஐயா, அந்த வேகத்தடை..."ன்னேன். அவரு சிரிச்சாரு. "போர்டு வச்சதுல இருந்து எத்தனை வண்டி இடிச்சிருக்கு, ஒரு ஆளுக்காவது அடிபட்டுச்சா? எல்லாத்தையும் உன் புருஷனே வாங்கிக்கிறான். அவனே நின்னு காவல் காக்கும்போது வேகத்தடை எதுக்கும்மா?"

யோசிச்சுப் பாத்தா அதுவும் சரியாத்தான் பட்டுச்சு. அப்படியும் இருக்குமோ என்னமோ. ஆனா வூட்டுக்கு வந்து சோறு இறங்கலை. உசுரோட இருந்தப்ப ஒரு தடவை இடிச்சாங்க. இப்ப வாரா வாரம் இடிக்கிறாங்க.

அதனால நானே வூட்ல கிடந்த சீரியல் செட்டு ஒயரை எடுத்துட்டுப் போய் போர்டை கரெண்ட் கம்பத்தோட சேத்து இறுக்கிக் கட்டினேன். அவரு முடிச்சுப் போடுற மாதிரியே போட்டேன், பக்கத்துல நின்னு பாத்திருக்கேன் இல்ல. ஊசிக்குப் போறப்ப காலையில பாத்தேன், லேசா சாஞ்சிருந்தாலும் நின்னுட்டிருந்தாரு. பாப்பா டாட்டா காட்டிட்டு வந்தா.

ஐய, பேசிக்கிட்டே இருக்கேன். தோ, ஏரிக்கரை வந்துடுச்சு. தயாரா இருங்கக்கா. இந்தப் பை மட்டும் கொஞ்சம் பிடிச்சுக்கிறீங்களா, இவளைத் தோள்ல மாத்திக்கிறேன். என்னா கனம் கனக்குறா. டிரைவர் என்ன இந்த வேகத்துல போறாரு. காதுல போனை வேற வச்சிருக்காரு.

இடது பக்கம் பாருங்க. ஒயின்ஷாப் தெரியுதா? அது தாண்டினதும் கம்பம். கம்பத்தாண்டை பச்சையா...

எங்கக்கா போர்டு?

கம்பம் இருக்கு. ஒயரு தொங்குது. காலையில இருந்துச்சேக்கா, நான் கட்டின முடிச்சு. நீங்க என்னத்தைப் படிப்பீங்க இப்ப? ஐயோ, யாரோ திரும்பவும்...

அதோ. ரோட்டுல. நட்ட நடு ரோட்டுல, மல்லாக்க கிடக்குது பாருங்க. பேரு மேல பாத்துக்கிட்டு. டிரைவர் பாக்கலைக்கா! போன்ல இருக்காரு! நேரா அது மேல ஏறப் போறாரு! அக்கா, சொல்லுங்க, ஏதாச்சும் சொல்லுங்க! வளைவு! அண்ணே, வளைவு! திரும்பிக் கூட பாக்கலையே... அண்ணே!

வேதகிரி!

வேதகிரி! வேதகிரி! நிறுத்துங்க! வேதகிரி, நிறுத்துங்க!

...

நின்னுடுச்சு.

அக்கா, நின்னுடுச்சுக்கா. உங்களுக்கு ஒன்னும் அடிபடலையே? உங்க தலைப் பூவெல்லாம் நசுங்கிடுச்சு, மன்னிச்சுக்குங்க. எட்டிப் பாருங்க, சக்கரத்துக்கும் போர்டுக்கும் ஒரு சாண் இருக்குமா? அதுக்கு மேல இருக்காது. இந்த வளைவுல அவரைப் பாத்து நின்ன வண்டி இதுதான்க்கா.

இல்லை கண்டக்டரண்ணே, தெரியாம இல்லை. ஸ்டாப்பு பேரு எனக்கு முன்னாடியே தெரியும். ஆமா, இத்தனை நாளா சொல்லலை. திட்டுங்க, பரவாயில்லை. இனிமே சொல்லிடுறேன்.

எழுந்துட்டியாம்மா? ஊசி வலிக்குதா? என்னது? யாரு அப்பாவைக் கூப்பிட்டதுன்னு கேக்குறியா?

நான்தான்டி. இறங்கு, பாத்து, மெதுவா.

டிரைவரண்ணே, அவசரப்படாதீங்க. போனைக் கீழ வச்சிட்டு அப்படியே நில்லுங்க. அவரை ஓரமா தூக்கி வச்சிட்டு நான் சொல்றேன், அப்புறம் வண்டியை எடுங்க.